மலை கடந்த குரல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரு கரைகளையும் இணைத்த தொலைபேசித் தடத்தின் வரலாறு பெரும்பாலும் 1915 சனவரி 25ஆம் நாள் விழாவைக்கொண்டே கூறப்பெறுகிறது. நியூயார்க்கிலிருந்து கிரகாம் பெல்லும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து அவர்தம் பழைய உதவியாளர் வாட்சனும் அன்று உரையாடினர். ஆயின் அத்தடம் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை அவ்விழா புலப்படுத்துவதில்லை.

1911இல் நியூயார்க்கில் பேசிய குரல் ராக்கி மலையடிவார நகரான டென்வர்வரை எட்டியது. கம்பித்தடத்தில் இடைவெளிவிட்டுப் பொருத்திய மின்சுருள்கள் ஒலி தேய்வதைக் குறைத்தன. தேய்ந்த ஒலியை மீட்க அவற்றால் இயலவில்லை. டென்வரே எல்லையாயிற்று. மலைமீது கம்பம் நடுதல் அரிதெனினும் இயலாததன்று. தந்திக் கம்பி 1861இலேயே அம்மலைகளைக் கடந்துவிட்டது. புள்ளியும் கோடுமாகிய தந்திக்குறிகளை இடைவழியில் புதுப்பித்து அனுப்பலாம். மனிதக் குரலின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை அங்ஙனம் புதுப்பித்தல் எளிதன்று. லீ டி பாரஸ்ட் கண்ட மின்குழலை ஹெரால்டு அர்னால்டு உயர் வெற்றிடமுடையதாகத் திருத்திய பின்னரே அது கைகூடிற்று.

யூட்டா எல்லையிலுள்ள வெண்டோவரில் 1914 சூன் 17இல் இறுதிக் கம்பம் நடப்பெற்றது. தடம் முழுவதிலும் ஏறத்தாழ 1,30,000 கம்பங்கள். நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு முதல் மூன்று நிமிடப் பேச்சுக்குக் கட்டணம் 20.70 டாலர், அந்நாளைய ஆலைத் தொழிலாளர் ஒருவரின் வார ஊதியத்தினும் அது மிகுதி.