ஹம்பி: பாழ்நகருள் வாழ்ந்த ஊர்

இரயில்வே கால அட்டவணையில் ஹம்பியின் பெயரால் ஒரு விரைவு வண்டி உண்டு. மைசூரில் புறப்பட்டுப் பெங்களூர், குந்தக்கல் வழியாக ஹூப்ளி சென்று சேரும் வண்டி அது. ஆயினும் ஹம்பியில் இரயில் நிலையம் கிடையாது. ஹொசபேட்டையில் இறங்கி 13 கிலோமீட்டர் சாலை வழியே செல்லுதல் வேண்டும். நம் காலனிக் குடும்பங்களுள் பல, விடுமுறையில் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு அங்குச் சென்று வந்தவையே. விட்டலர் கோயிலின் கல்தேர் முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளாதார் இலர். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஐம்பது ரூபாய்த் தாளிலும் அத்தேரே காட்சியளிக்கின்றது. தேரைக் கண்டு திரும்புவோர் அவ்வூராரைக் கண்டு வருதல் அரிது. அவ்வூராரைப் பற்றியே ஈண்டுச் சிறிது எழுத விழைகின்றோம்.

விஜயநகரம் 1336இல் தோன்றியதென்பது மரபு. அதன் அரசர் தமிழகத்தையும் ஆண்டனர் என்பதும், சிதம்பரத்து வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயரின் திருப்பணி என்பதும் அன்பர்கள் அறிந்தவையே. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் தோல்வி நேர்ந்தது. தலைநகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. பாட நூல்களில் கதை இவ்விடத்தில் முடிந்துவிடும். உண்மையில் முடியவில்லை. அரண்மனை போயிற்று, விருபாட்சர் கோயிலில் விளக்கு அணையவில்லை. அரசர் வெட்டுவித்த கால்வாய்களில் துங்கபத்திரை நீர் இன்றளவும் ஓடி, நெல்லுக்கும் வாழைக்கும் கரும்புக்கும் பாய்கின்றது. நீர் ஓடும் இடத்தில் உழவர் இராது போவரோ?

1800இல் பெல்லாரிச் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. அன்று தொட்டு 1953 வரை அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். ஆகையால், ஹம்பியை வெளியுலகுக்குக் காட்டிய பணியும் பெரும்பாலும் சென்னை உத்தியோகஸ்தர்களுடையதே. 1799இல் காலின் மெக்கன்சி அவ்விடத்தை அளந்தார். 1856இல் கிரீன்லா என்னும் படையதிகாரி நிழற்படம் எடுத்தார். 1900இல் சென்னை சிவில் அதிகாரி இராபர்ட் சுவெல், ‘மறக்கப்பட்ட பேரரசு’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். 1917இல் லாங்ஹர்ஸ்ட் எழுதிய ஹம்பி வழிகாட்டி நூல் சென்னையில் அச்சாயிற்று. மறந்தவர் எவர் என்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை. நாள்தோறும் அம்மண்டபங்களின் நிழலில் ஆடு மேய்த்தவனும், பம்பாதேவிக்குப் பூத்தொடுத்தவளும் எதையும் மறந்ததாகத் தெரியவில்லை.

விருபாட்சர் கோபுரத்திலிருந்து கிழக்கே பெரிய நந்தி வரை நேராக நீளும் தேர்வீதியே ஹம்பிக் கடைவீதி. இருமருங்கும் கல்தூண் மண்டபங்கள். 1520ஐ ஒட்டி இந்நகரைக் கண்ட போர்த்துகீசியர் டோமிங்கோ பாயஸ், இதன் வீதிகளையும் அங்காடிகளையும் வியந்து எழுதினார். பிற்காலத்தில் ஏழை மக்கள் அத்தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிக் குடியேறினர். அரசர் காலத்து வணிகர் இருந்த இடத்தில் அடுப்பு புகைந்தது; தொட்டில் ஆடிற்று. யாத்திரிகருக்குத் தேங்காயும் பூவும் விற்றுக் காலம் கழிந்தது.

1986இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஹம்பியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1990களில் ஹொசபேட்டைப் பாதை அகலப் பாதையாயிற்று. உல்லாசப் பயணிகள் பெருகினர். யாத்திரிகர் சாமி கும்பிட்டுச் சென்றுவிடுவர். இவர்களோ நாட்கணக்கில் தங்குவோர். தங்குவோர்க்கு அறை வேண்டும், உணவு வேண்டும், வாடகைச் சைக்கிள் வேண்டும், ஆற்றைக் கடக்கப் பரிசல் வேண்டும். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர் மகன் ஆங்கிலம் பேசி வழிகாட்டியானான். திண்ணையில் இட்லி விற்றவள் சிற்றுண்டிச்சாலை வைத்தாள். கோயிலை முன்னிட்டு இக்கரையில் மதுவும் புலாலும் விலக்கு. ஆதலால் அவற்றை நாடுவோர் அக்கரையில் வயல்களுக்கு நடுவே உள்ள விருபாபுர கட்டே என்னும் தீவுக்குச் சென்றனர். அங்கே ஈபுரு எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் அளவுக்கு நிலைமை மாறிற்று. நெல் விளைந்த நிலத்தில் குடில்கள் விளைந்தன எனலாம்.

இதில் தீங்கே இல்லை என்று நாம் வாதிடவில்லை. மண்டபக் கல்லில் சிமெண்டு ஏறிற்று. கோபுரத்துக்கு அருகே மாடிகள் எழுந்தன. கழிவுநீர் சென்ற வழி கேட்கத் தக்கதன்று. 1999இல் யுனெஸ்கோ இவ்விடத்தை ஆபத்துக்குள்ளான சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்குக் காரணம் ஏழையின் சுவரன்று. ஆனேகுந்திப் பக்கம் செல்வதற்கு அரசாங்கமே கட்டத் தொடங்கிய பாலங்கள். 2006இல் அப்பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. பல்லாண்டு இழுபறியில் கிடந்த பெரிய பாலம் 2009 ஜனவரியில் இடிந்து விழுந்து, தொழிலாளர் பலர் மாண்டனர்.

பின்னர் வந்ததே பெரிய அடி. உயர்நீதிமன்ற ஆணையைக் காட்டி, 2011 ஜூலை 29இல் கடைவீதிக்கு இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. பொருள்களை ஒதுங்க வைக்கவும் போதிய அவகாசம் இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடும் கடையும் ஒருங்கே இழந்தன. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கட்டிராம்புராவில் மாற்று மனை என்றனர். அதற்கும் காத்திருக்க நேர்ந்தது. ஆக்கிரமிப்பு என்னும் சொல்லை நிலக் கோப்புகளில் நாமும் எத்தனையோ முறை எழுதியுள்ளோம். கோப்பில் ஒரு குடும்பம் என்பது ஒரு வரிசை எண். அவ்வெண்ணுக்குள் பாட்டனார் காலமும் அடங்கும் என்பதைக் கோப்பு கேட்பதில்லை.

நாம் கேட்பது இதுதான்: பயணிகளை வரவழைக்கப் பெயரும் புகழும் சூட்டியவர் அரசினர்; வந்தோரை உபசரித்துப் பிழைத்தவர் ஊரார். பிழைப்பு வளர்ந்ததால் சுவரும் வளர்ந்தது. பின், சுவர் வளர்ந்ததென்று ஊரையே அகற்றுவது எவ்வாறு நீதியாகும்? மண்டபத்துக் கல்லைக் காப்பதும் கடமையே. சிமெண்டை அகற்றி மனிதரை இருத்தும் வழியை எண்ணிப் பார்க்க ஏன் ஒருவருக்கும் பொழுதில்லை? பழமை வாய்ந்த அங்காடியில் அங்காடிக்காரர் இருத்தலாகாது என்பது விந்தையான பாதுகாப்பு! கடைகள் போன பின் அவ்வீதி படத்துக்கு அழகாகவே உள்ளது. அந்தி சாய்ந்தால் நாய்களே உலவுகின்றன.

அக்கரைக்கும் அதே முடிவு வந்தது. விருபாபுர கட்டே பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் அடங்கும் என 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச்சில் விடுதிகள் இடிக்கப்பட்டன. வெளியூர் முதலாளிகள் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம். அறை கூட்டியும் துணி துவைத்தும் பிழைத்த பெண்கள் மீண்டும் கழனிக்கே செல்ல வேண்டியவராயினர்.

2021இல் ஹொசபேட்டையைத் தலைநகராகக் கொண்டு விஜயநகர மாவட்டம் அமைந்தது. விட்டலர் கோயிலுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மின்கல வண்டிகளைச் சுற்றுவட்டாரப் பெண்கள் ஓட்டுவது ஒரு நற்செய்தி. சித்திரையில் விருபாட்சர் தேர் அதே வீதியில் வருகின்றது, கூட்டத்துக்குக் குறைவில்லை. தம் வீட்டு வாயிலில் நின்று வடம் தொட்டவர்கள் இப்போது கட்டிராம்புராவிலிருந்து வந்து, தேர் கண்டு, பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும்.