சீட்டுக்கட்டும் கேசட்டும்: இயங்குதளம் மாறியவர்கள் கற்றுக்கொண்ட கதை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 வேணும், ப்ராசசர் அவங்க பட்டியலில் இருக்கணும். அதனால் "பேசாம லினக்ஸுக்குப் போயிடலாமா?" என்று கேட்கிறார்கள். நாமும் நாலு வீடியோ இணைப்பை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். கேட்டவர் இரண்டாவது வீடியோவைத் தாண்டுவதில்லை. கடைசியில் அந்தக் கணினி பரணுக்குப் போகிறது.

இந்த மாதிரிப் பெரிய இடமாற்றங்கள் முன்பும் நடந்திருக்கின்றன. அப்போது மக்களுக்கு எதைக் கொடுத்தார்கள் என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும்.

1984 ஜனவரியில் வந்த மேக்கின்டாஷ் பெட்டிக்குள் ஒரு ஆடியோ கேசட்டும் ஒரு பிளாப்பியும் இருந்தன. கேசட்டை டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு, பிளாப்பியைக் கணினியில் போட்டால், குரல் சொல்லச் சொல்லத் திரையில் நடக்கும். மவுஸ் என்ற பொருளையே பார்க்காதவர்களுக்கு இது தேவைப்பட்டது. இதைவிடக் கறாரான பாடம் ஒன்று கீபோர்டில் இருந்தது: அதில் அம்புக்குறி விசைகளே கிடையாது. மவுஸைத் தொடாமல் தப்பிக்க வழியில்லை. அந்த விசைகள் 1986-ல் மேக் பிளஸ் கீபோர்டில்தான் வந்தன. புதிதாக வருபவரின் பழைய பழக்கத்தை வெட்டிவிடுவது ஒரு வழி. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-இல் சாலிடேர் என்ற சீட்டாட்டம் இருந்தது. அதை எழுதியவர் வெஸ் செர்ரி, அங்கே பயிற்சிக்கு வந்த மாணவர். எழுதியதற்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மேக்கின்டாஷின் ஐகான்களை வரைந்த அதே பெண்மணி. மவுஸைப் பிடித்து இழுத்துப் போடுவதைப் பழக்கத்தான் அந்த ஆட்டம் சேர்க்கப்பட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். செர்ரி அதை விளையாட்டாக எழுதினார் என்பதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும். நோக்கம் எதுவானாலும் வேலை நடந்தது. 3.1-இல் மவுஸ் பழக முறையான பாடமும் இருந்தது. ஆனால் இன்றைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது சீட்டாட்டம்தான்.

விண்டோஸ் 95-ஐ உருவாக்கும்போது புதியவர்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். ஒரு நிரலைத் திறக்கவே பலர் திணறினார்கள். அதற்கான விடைதான் ஸ்டார்ட் பொத்தான். அதோடு பழைய புரோகிராம் மேனேஜரையும் உள்ளேயே விட்டுவைத்தார்கள் பாருங்க, அதைத்தான் நான் மெச்சுவேன். புது வீட்டுக்குள் பழைய வாசல்.

லினக்ஸ்காரர்களிடம் கேசட்டுக்கும் சோதனைக்கூடத்துக்கும் காசு இல்லை. அவர்கள் அகராதி எழுதினார்கள். குய்டோ கொன்சாட்டோவின் 'டாஸ்-இலிருந்து லினக்ஸுக்கு' கையேடு அப்படிப்பட்டது: டாஸில் 'டிர்' அடித்த இடத்தில் இங்கே 'எல்எஸ்', 'காப்பி'க்கு 'சிபி'. நார்ட்டன் கமாண்டரில் ஊறியவர்களுக்காக, பார்வைக்கு அதேபோன்ற மிட்நைட் கமாண்டரை மிகுவேல் தெ இகாசா 1994-ல் எழுதினார். வந்தவருக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்கியதால் இவை பயன்பட்டன.

ஆனால் பெரிய தடை அறியாமை இல்லை, பயம். ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும்போது கல்யாணப் போட்டோ போய்விட்டால்? கிளாஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்ட நாப்பிக்ஸ் அதைத் தீர்த்தது. சிடியிலிருந்தே இயங்கும், டிஸ்க்கைத் தொடாது. பிடிக்கலைன்னா வெளியே எடுத்துவிட்டுப் பழையபடி இருக்கலாம். பிறகு உபுண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை 2011 வரை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. இன்றைக்கு ஒரு பென் டிரைவ் அதே வேலையைச் செய்கிறது. யாராவது கேட்டால் முதலில் அதைக் கையில் கொடுங்கள், வீடியோ அப்புறம்.

இன்னொன்று, விண்டோஸில் இருக்கும்போதே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி மூன்றையும் ஒரு மாதம் பழகச் சொல்லுங்கள். மாறிய பிறகும் அதே மூன்று காத்திருக்கும், பாதி ஊர் தெரிந்த ஊராகிவிடும்.

கை எப்படியோ பழகிவிடும். பழைய ஃபைல்கள்தான் பழகாது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதற்கு அரசியல் உட்படப் பல காரணங்கள். இடையில் அவர்களை நிறையப் படுத்தியவை, அலுவலகக் கடித மாதிரிகளும் அவற்றுக்குள் இருந்த மேக்ரோக்களும். அதற்காகவே வோல்மக்ஸ் என்று தனி மென்பொருள் எழுத வேண்டியதாயிற்று.

தமிழில் எழுதுபவர்களுக்கும் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவை மட்டும் கொண்டுபோனால் படிக்கலாம், ஆனால் தேட முடியாது. மாறுவதற்கு முன்பே, பழைய கணினி ஓடும்போதே, அவற்றை யூனிகோடுக்கு மாற்றி ஒன்றிரண்டைத் திறந்து சரிபார்த்துவிடுங்கள். தமிழ்99-இல் தட்டுபவர்கள் கவலைப்பட வேண்டாம். லினக்ஸில் ஐபஸ்ஸும் எம்17என்-னும் நிறுவினால் அதே விசைகள் அதே இடத்தில் இருக்கும்.