உண்மையை நேசித்த வரலாற்றறிஞர் மார்க் புளொக்

வரலாற்றினால் யாது பயன் என்று ஒரு சிறுவன் தன் தந்தையிடம் கேட்கிறான். தந்தையோ வரலாற்றுப் பேராசிரியர். தம் வாழ்நாளை அத்துறைக்கே கொடுத்தவர். ஆயினும் அக்கேள்வி அவரைச் சிந்திக்க வைக்கிறது. அதற்கு விடை கூறும் முகமாக அவர் ஒரு நூலை எழுதத் தொடங்குகிறார். நாடு பகைவர் வசப்பட்டிருந்த காலம் அது. கையெட்டும் தூரத்தில் அவருடைய நூல்களும் குறிப்புகளும் இல்லை. நூல் முற்றுப்பெறவுமில்லை. 1944 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16 ஆம் திகதி, பிரான்ஸின் லியோன் நகருக்கு வடக்கேயுள்ள ஒரு வயல்வெளியில் ஜேர்மனியர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர்தாம் மத்தியகால ஐரோப்பிய வரலாற்று ஆய்வின் போக்கையே மாற்றியமைத்த மார்க் புளொக். இன்றைய உரை அவரைப் பற்றியது.

1886 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் திகதி லியோன் நகரில் புளொக் பிறந்தார். குடும்பம் அல்சாஸ் பிரதேசத்திலிருந்து வந்த யூதக் குடும்பம். தந்தையார் குஸ்தாவ் புளொக் உரோமானிய வரலாற்றுப் பேராசிரியர். எனவே வரலாறு என்பது வீட்டிலேயே கிடைத்த முதுசம் எனலாம். பாரிஸின் புகழ்பெற்ற உயர் ஆசிரியர் கல்லூரியிற் பயின்ற பின்னர், 1908 இல் ஜேர்மனி சென்று பேர்லினிலும் லைப்சிக்கிலும் ஓராண்டு கற்றார். பின்னர் மொன்பெலியே, அமியேன் ஆகிய நகரங்களிற் பாடசாலை ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.

அவர் வளர்ந்த காலத்திலே பிரான்ஸைக் குலுக்கிய ஒரு வழக்கை இங்கு நினைவுகூர வேண்டும். அல்ப்ரெட் டிரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி, ஜேர்மனிக்கு இரகசியங்களை விற்றார் எனப் பொய்க்குற்றஞ் சாட்டப்பட்டு 1894 இல் தண்டிக்கப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பது சட்டப்படி நிலைநாட்டப்பட 1906 வரை காலம் சென்றது. அவர் சார்பில் எழுதிய எமில் சோலாமீது 1898 இல் வழக்குத் தொடரப்பட்டபோது, மத்தியகால ஆவணங்களை ஆராய்வதில் தேர்ந்த சில அறிஞர் நீதிமன்றத்திற்கு வந்தனர். ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதத்தின் கையெழுத்து டிரைஃபஸுடையது அன்று என அவர்கள் சாட்சியமளித்தனர். பழைய ஏடுகளைப் பார்த்துப் பழகிய கண் ஒரு மனிதனின் மானத்தைக் காக்கவும் உதவும் என்பதை அத்தலைமுறை நேரிற் கண்டது. புளொக்கும் தம்மை அத்தலைமுறையின் கடைசி வரிசையில் வைத்தே எண்ணினார்.

1914 இல் முதலாம் உலகப்போர் மூண்டது. சார்ஜன்ட் பதவியிற் போருக்குச் சென்ற புளொக், கப்டனாகத் திரும்பினார். பதுங்குகுழி வாழ்வு அவருக்கு வீரப்பதக்கங்களை மட்டும் கொடுக்கவில்லை. ஆய்வுப் பொருள் ஒன்றையும் கொடுத்தது. அதுதான் வதந்தி.

1917 செப்டெம்பரில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே பின்னர் எழுதியுள்ளார். அவருடைய படையணி பிறேன் என்ற சிறு பட்டணத்திற்கு அண்மையில் நின்றது. அங்கு பிடிபட்ட ஜேர்மானியக் கைதி ஒருவன், தான் பிறேமன் நகரத்து வியாபாரி என்றான். பிறேமன் நகரைப் பிரெஞ்சுக்காரர் 'பிறேம்' என்பர். சற்று நேரத்திற்குள் கதை வேறுவிதமாகப் பரவிற்று. போருக்கு முன்பே பிறேன் பட்டணத்திற் கடை வைத்திருந்த ஒற்றன் ஒருவன் அகப்பட்டுவிட்டானாம்! ஓரெழுத்துப் பிசகு ஒரு கதையையே பெற்றுவிட்டது.

நம்மிற் பலர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அப்பாற் செல்வோம். புளொக் அவ்வாறு செல்லவில்லை. காது ஏன் அப்படிப் பிசகிக் கேட்டது என்று வினவினார். ஜேர்மனியர் எங்கும் ஒற்றர்களை வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வீரர்களின் மனத்தில் ஏற்கெனவே ஊறியிருந்தது. மனம் எதிர்பார்த்ததையே காது கேட்டது. மேலும், தணிக்கை காரணமாக அச்சில் வந்த எதையும் வீரர்கள் நம்பவில்லை. ஆகவே வாய்மொழிச் செய்தியே ஆட்சி செய்தது. உணவு வாங்க வருபவர்கள் பல முனைகளிலிருந்தும் களச் சமையற் கூடங்களிலே கூடினர்; செய்திகளும் அங்கேதான் கைமாறின. மத்தியகாலத்துச் சந்தைகள் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் எனப் புளொக் கண்டார். நெருப்பில்லாமற் புகையாது என்பது நமது பழமொழி. புகையின் வரலாற்றையும் எழுத வேண்டும் என்பது புளொக்கின் கொள்கை. பொய்ச் செய்தியிலும் ஓர் உண்மை உண்டு. அது செய்தியைப் பற்றியதன்று, நம்பியவர்களைப் பற்றியது. இக்கருத்தை விளக்கும் கட்டுரையை 1921 இல் அவர் வெளியிட்டார்.

அதற்குள் அவர் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்திற் சேர்ந்திருந்தார். 1871 முதல் ஜேர்மனியின் வசமிருந்த அந்நகர் போரின் முடிவில் பிரான்ஸுக்கு மீண்டது. 1919 இல் பல்கலைக்கழகம் புதிதாக அமைக்கப்பட்டது. அங்கே தம்மினும் எட்டு வயது மூத்த லூசியன் ஃபெவ்ர் என்ற வரலாற்றாசிரியரின் நட்பு அவருக்கு வாய்த்தது.

1924 இல் வெளிவந்த நூல் ஒன்று வரலாற்றாசிரியர் பலரை வியக்க வைத்தது. கழுத்திலே நெறிகட்டிப் புண்ணாகும் கண்டமாலை நோயை அரசர் தொட்டாற் குணமாகும் என இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் பன்னூறு ஆண்டுகள் மக்கள் நம்பினர். நோயாளர் திரள்திரளாக அரண்மனைக்கு வந்தனர். இங்கிலாந்தில் 1714 இல் மறைந்த ஆன் அரசியாரோடு இவ்வழக்கம் ஒழிந்தது. பிரான்ஸிலோ 1825 இல் முடிசூடிய பத்தாம் சார்ள்ஸ் மன்னரும் நோயாளரைத் தொட்டார். அறிவியல் தெளிவு பெற்றவர்கள் இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்கியிருந்தனர். புளொக், மருத்துவரான தம் தமையனாரின் துணையையும் பெற்று, இந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு நிலைத்தது, யாருக்கு உதவியது என ஆராய்ந்தார். கண்டமாலை தானாகவே தணிந்து, பின் தலைகாட்டும் இயல்புடையது. தணிந்தால் அரசரின் கைராசி. மீண்டும் வந்தால் இன்னொரு தடவை தொடுவித்தாற் போயிற்று. அற்புதம் நிகழும் என மக்கள் எதிர்பார்த்தார்கள். ஆகவே அற்புதம் நிகழ்ந்தது. பிறேன் பட்டணத்து ஒற்றனும் அரசரின் கையும் அவர் கண்ணுக்கு ஒரே வகைச் சான்றுகளே.

1929 ஜனவரியில் புளொக்கும் ஃபெவ்ரும் சேர்ந்து 'அனால்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினர். பொருளாதார, சமூக வரலாற்றுக்கான ஏடு அது. அரசர்களின் பட்டியலும் போர்களின் திகதிகளும் உடன்படிக்கைகளுமே வரலாறு என்றிருந்த நிலையை அது அசைத்தது. புவியியல், சமூகவியல், மொழியியல், பொருளியல் ஆகிய துறைகளின் கதவுகள் வரலாற்றாசிரியனுக்குத் திறந்துவிடப்பட்டன. பிற்காலத்தில் 'அனால் மரபு' என உலகெங்கும் பேசப்பட்ட ஆய்வு நெறி இதிலிருந்தே கிளைத்தது.

புளொக் ஏடுகளை மட்டும் படித்தவரல்லர், நிலத்தையும் படித்தார். 1931 இல் வெளியான பிரெஞ்சுக் கிராமிய வரலாறு பற்றிய நூல் அதற்குச் சான்று. வட பிரான்ஸின் வயல்கள் நீண்டு ஒடுங்கியவை. தெற்கே அவை ஒழுங்கின்றிச் சதுரத்தை ஒத்தவை. வடக்கில் வழங்கியது சக்கரம் பூட்டிய கனமான கலப்பை; அதைத் திருப்புவது கடினம், எனவே சால் நீளமாக இருக்க வேண்டும். தெற்கில் வழங்கியதோ இலேசான கலப்பை. ஆயினும் கலப்பை ஒன்றே காரணமாகிவிடாது, கிராமத்தவரின் கூட்டு வழக்கங்களையும் சேர்த்து நோக்க வேண்டும் என அவர் எச்சரிக்கவும் தவறவில்லை. பிற்கால நிலவரைபடங்களிலிருந்து தொடங்கி, தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் பின்னோக்கிச் செல்வதே அவர் கையாண்ட முறை.

நீர் ஆலைகளைப் பற்றி 1935 இல் அவர் எழுதிய கட்டுரையும் சுவையானது. ஆற்றுநீரால் இயங்கும் மாவாலை பண்டை உலகிலேயே கண்டறியப்பட்டது; பரவியதோ மத்தியகாலத்தில். அடிமைகளின் உழைப்பு மலிவாகக் கிடைத்தவரை பொறிக்குத் தேவை குறைவு என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. ஆலை வந்ததும் அது பிரபுக்களின் ஏகபோக உரிமையாயிற்று. குடியானவன் தன் வீட்டுத் திரிகையில் அரைப்பதும் குற்றமாயிற்று. இங்கிலாந்தில் சென்ற் ஓல்பன்ஸ் மடத்துத் துறவிகள் குடிகளின் திரிகைகளைப் பறித்து மடத்தின் தளத்திலே பதித்தார்கள். 1381 இல் குடியானவர் கிளர்ச்சி எழுந்தபோது, மக்கள் அத்தளத்தை உடைத்துத் திரிகைக் கற்களை அள்ளிச் சென்றனர். ஒரு திரிகைக் கல்லில் ஒரு காலத்தின் அதிகாரம் முழுவதையும் புளொக்கினாற் காண முடிந்தது.

1936 இல் அவர் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்திற் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியரானார். 1939 இலும் 1940 இலும் இரு பாகங்களாக 'நிலமானியச் சமுதாயம்' வெளிவந்தது. குவித்த கைகளை மேலவனின் கைகளுக்குள் வைத்து, நான் உம்முடைய ஆள் என ஒருவன் ஒப்புக்கொள்ளும் சடங்கிலிருந்து, ஒரு முழு நாகரிகத்தின் உறவுகளையும் நினைவையும் காலவுணர்வையும் அந்நூல் விரித்துக் காட்டுகிறது.

இரண்டாம் பாகம் வெளிவந்தபோது நூலாசிரியர் மீண்டும் சீருடையில் இருந்தார். 53 வயது, ஆறு பிள்ளைகளின் தந்தை. விலக்குப் பெற்றிருக்கலாம், பெறவில்லை. முதலாவது இராணுவத்தின் பெற்றோல் விநியோகப் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. 1940 மே மாதத்தில் ஜேர்மானியப் படை பிரான்ஸைச் சில வாரங்களில் முறியடித்தது. டன்கேர்க் கடற்கரையிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றப்பட்ட புளொக், உடனேயே பிரான்ஸுக்குத் திரும்பினார். தோல்வி முற்றானபோது சீருடையைக் களைந்து ஊர் சேர்ந்தார்.

அந்தக் கோடையிலேயே அத்தோல்வியை ஒரு வரலாற்றாசிரியனின் கண்கொண்டு எழுதினார். 1946 இல் 'விசித்திரமான தோல்வி' என அது அச்சேறியது. தளபதிகள் 1918 இன் வேகத்திலேயே சிந்தித்தார்கள் என்றார். அரசியல்வாதிகளையும் செல்வந்தரையும் தொழிற்சங்கங்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றோடு நிறுத்தியிருந்தால் அது மற்றுமொரு குற்றப்பத்திரிகையாகியிருக்கும். அவரோ தம் சொந்த வகுப்பையும் கூண்டில் ஏற்றினார்: ஆபத்து வருவதை அறிந்திருந்தும், நூலகத்தின் அமைதிக்குள் ஒதுங்கி வாளாவிருந்த ஆசிரியர்களும் அறிஞர்களும் பொறுப்பாளிகளே. பிற சாட்சிகளை விசாரித்தவர் தம்மையும் ஒரு சாட்சியாக நிறுத்தி விசாரித்தார்.

1940 ஒக்டோபரில் விஷி அரசாங்கம் யூதர்களை அரச பதவிகளிலிருந்து நீக்கியது. புளொக்கின் சிறப்பான சேவையைக் கருதி அவருக்கு விலக்களிக்கப்பட்டது. கிளேர்மொன்-ஃபெராங்கிலும் மொன்பெலியேயிலும் கற்பித்தார். பாரிஸ் வீட்டிலிருந்த அவருடைய நூலகத்தை ஜேர்மனியர் அள்ளிச் சென்றனர். அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. குடும்பத்தினர் அனைவருக்கும் அனுமதி கிடைக்காமையால் அவர் செல்லவில்லை. 'அனால்' ஏடு நிலைக்க வேண்டுமாயின் யூதரான அவர் பெயர் அதில் இருக்கக் கூடாது என ஃபெவ்ர் வற்புறுத்தியபோது நட்பில் விரிசல் விழுந்தது. பெயரை எடுப்பது பணிந்து போவதாகும் என்பது புளொக்கின் வாதம். ஈற்றில் இணங்கி, ஃபூஷேர் என்ற புனைபெயரில் எழுதினார். அம்மனத்தாங்கல் நீடித்த நாள்களிலேயே, 1941 மே மாதத்தில், வரலாற்றின் பயன் பற்றிய தம் நூலை ஃபெவ்ருக்குச் சமர்ப்பணம் செய்து முகப்புரை எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது.

1942 நவம்பரில் ஜேர்மனியர் தென் பிரான்ஸையும் பிடித்தனர். புளொக் தலைமறைவு இயக்கத்திற் சேர்ந்தார். லியோனில், நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்த பேராசிரியரைக் கண்டு இளைஞர்கள் முதலில் வியந்தனர். பின்னர் அவரே அப்பிரதேசத் தலைவர்களுள் ஒருவரானார். வரலாற்றாசிரியனின் கடமை தீர்ப்பு வழங்குவதன்று, விளங்கிக்கொள்வதே என வாதிட்டவர் அவர். ஆனால் விளங்கிக்கொள்வது என்பது நடுநிலை என்ற பெயரில் ஒதுங்கி நிற்பதாக அவருக்குப் பொருள்படவில்லை.

1944 மார்ச் 8 ஆம் திகதி லியோனில் ஒரு பாலத்தின்மீது அவர் கைதானார். கிளாவுஸ் பார்பியின் கெஸ்டாப்போ அவரைச் சித்திரவதை செய்தது. ஜூன் 16 ஆம் திகதி இரவு, நேச நாட்டுப் படைகள் நோர்மண்டியில் இறங்கிய பத்தாம் நாள், கைதிகள் சுமார் 30 பேருடன் சென் டிடியே என்ற கிராமத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சுடப்பட்டார். இருவர் உயிர் தப்பினர். இரண்டு வாரங்களில் அவருடைய மனைவி சிமோனும் லியோனில் நோயுற்று இறந்தார்.

அவ்விறுதிக் கணத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. பக்கத்தில் நடுங்கி நின்ற பதினாறு வயதுப் பையன், இது வலிக்குமா என்று கேட்டானாம். வலிக்காது எனக் கையைப் பற்றி ஆறுதல் கூறினாராம் புளொக். இயக்கத் தோழரான பத்திரிகையாளர் ஜோர்ஜ் அல்ட்மன் இதனை எழுதி வைத்தார். எழுதியவர் அவ்வயல்வெளியில் நின்றவரல்லர். புளொக் இருந்திருந்தால், இதைச் சொன்னவர் யார், எங்கே நின்றார், எப்படிக் கேட்டார் என்றே முதலில் வினவியிருப்பார். அடுத்த கேள்வியையும் கேட்டிருப்பார்: தோழர்கள் இதை நம்ப விரும்பியது ஏன்? அவ்விரண்டாம் கேள்விக்கு விடை எளிது. அம்மனிதர் அத்தகையவர் என அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1941 இல் எழுதிய இறுதி விருப்பத்தில், தாம் யூதராகப் பிறந்ததை ஒருபோதும் மறுத்ததில்லை என்றும், பிரெஞ்சுக்காரராகவே இறப்பதாகவும் புளொக் குறித்திருந்தார். தம் கல்லறையிற் பொறிக்க அவர் வேண்டியது, உண்மையை நேசித்தவர் என்ற பொருள் தரும் இரண்டே இலத்தீன் சொற்கள். அவரைப் பிரான்ஸின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனிற் கௌரவிக்கப் போவதாக 2024 நவம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி அறிவித்தார்.

சிறுவனின் கேள்விக்கு விடையாகத் தொடங்கிய நூலை 1949 இல் ஃபெவ்ரே பதிப்பித்தார். காரணங்கள் பற்றிய கடைசி அத்தியாயம் தொடங்கிய சில பக்கங்களிலேயே அந்நூல் நின்றுபோகிறது. வரலாற்றினால் யாது பயன் என்ற வினாவுக்கு அவர் முழு விடை எழுதவில்லைதான். எனினும் கேட்டதையெல்லாம் நம்பாமலும், நம்பியவர்களை இகழாமலும், தம்மையும் விலக்கிவிடாமலும் விசாரிக்கும் ஒரு பழக்கத்தை அவர் கற்றுத் தந்தார். வதந்தி மலிந்த காலங்களில் அப்பழக்கமே பெரும் பயன்.