கடல் கடந்து வந்த ஆசான்கள்

ஜூபிலி மலர் என்றால் கோவில் எழுந்த வரலாறும், பணியாற்றிய பங்குக் குருக்களின் பெயர் வரிசையும் இடம்பெறுவது மரபு. நாம் இங்கே சொல்ல முற்படுவது வேறொரு வரலாறு. பெற்றவரையும் பிறந்த மண்ணையும் விட்டு, முன்பின் அறியாத ஏழைக் கிராமங்களுக்கு எழுத்தறிவு கொண்டுவந்த ஆசான்களின் வரலாறு அது.

பிள்ளைச்சாவடி மக்களாகிய நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். சாவடி என்ற சொல்லுக்கே வழிப்போக்கர் தங்குமிடம் என்பதுதானே பொருள்? வந்தோரைத் தங்கவைத்த பெயர் நம் ஊருக்கு. மேலும், கடலை நம்பி வாழும் குடும்பத்தில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும், அனுப்பிய பிள்ளையை அங்கே நிலைக்கச் செய்வதும் எவ்வளவு பாடு என்பதை நம் தாய்மார் அறிவர். 1985-ல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் நம் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் கல்வி வாசலில் இருப்பதும் வீட்டுக்குள் வருவதும் ஒன்றல்ல.

முத்துக்குளித்துறையில்

1542-ஆம் ஆண்டு புனித சவேரியார் தென்கோடிக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவர். அந்தப் பட்டம் தூத்துக்குடி மணலில் என்ன பயன் தரும்? இரு மொழியும் அறிந்த உள்ளூராரை உடன் வைத்துக்கொண்டு, செபங்களைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்தார். கைமணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். பள்ளியில் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்குமாறு அச்சிறுவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்தார்.

தாம் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை எனப்பட்ட உள்ளூர் உபதேசியார்களை ஏற்படுத்தினார். அவர்களுக்குப் படி கொடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த வரிப் பணத்தைச் சவேரியார் கேட்டு வாங்கினார். அரசியின் பாதத்துக்குப் போன பணம், பரதவச் சிறுவரின் படிப்புக்குத் திரும்பி வந்தது.

அவருக்குப் பின் வந்தவர் போர்த்துக்கீசியரான அண்டிரீக் அடிகளார். சவேரியார் காலத்துத் தமிழாக்கத்தில் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தும் அளவுக்குத் தமிழை ஆழ்ந்து கற்றார் இவர். 1578-ல் கொல்லத்தில் இவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறுநூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. 1600-ல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் இங்கேயே வாழ்ந்தார்.

புதுவைக்கு வந்தவர்கள்

நமது புதுவைப் பகுதியில் 1776 முதல் பொறுப்பேற்றவர்கள் பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள். பிரான்சிலிருந்து புறப்படும் நாளில் அவர்களுக்கு ஒரு பிரியாவிடைச் சடங்கு உண்டு. உற்றாரும் நண்பரும் வரிசையாக வந்து அவர்களுடைய பாதங்களை முத்தமிடுவர். ஏனெனில் போகிறவர் பெரும்பாலும் திரும்புவதில்லை. சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறக்கப்பட்டது. அதுவரை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் பாய்மரக் கப்பலில் வரவேண்டும்.

1827-ல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுவையில் இறங்கினர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். அச்சபையைப் பிரான்சில் 1807-ல் நிறுவிய அன்னை ஆன் மரி ஜவுகே, தாமே ஆப்பிரிக்காவின் செனகலுக்கும், தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவுக்கும் சென்று உழைத்தவர். கயானாவில் மானா என்னும் இடத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை வாழ்வுக்குப் பழக்கும் பொறுப்பை ஏற்றவர். உலகின் ஒரு கோடியில் எரிந்த அதே விளக்கின் திரியே நம் புதுவையிலும் ஏற்றப்பட்டது.

ஆயினும் உண்மையை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. அக்காலத்துப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளையர் பிள்ளைக்கு ஓர் இடம், தமிழர் பிள்ளைக்கு ஓர் இடம். தமிழருக்குள்ளும் சாதிக்கு ஓர் இடம் என்ற நிலை இருந்தது. வந்தவர்களில் சிலர் அதை எதிர்த்தனர். பலர் பொறுத்துப் போயினர். இந்தக் குறையையும் நினைவில் வைத்தே அவர்தம் நன்மைகளை நாம் எடைபோட வேண்டும்.

பெண்கள் கையில் ஏடு

1832-ல் புதுவைக்கு வந்த லூயி சவினியென் துய்ப்புயி அடிகளாரை இங்கே நன்றியுடன் நினைவுகூர்கிறோம். 1806-ல் பிரான்சில் பிறந்தவர். 1840-ல் தொடங்கிய மிஷன் அச்சகத்தை நடத்தியவர். முசே அடிகளாருடன் சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தவர். ஒரு மொழியின் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்ப்பது, அம்மொழி பேசும் மக்களிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவருக்கே கைகூடும்.

1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொன்னான் ஆண்டகை கூட்டிய புதுவைச் சங்கம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் பள்ளிகளைப் பெருக்குவதையும் வலியுறுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் துய்ப்புயி அடிகளார், தமிழ்ப் பெண்களைக் கொண்டே, பெண் கல்விக்கென்று ஒரு கன்னியர் சபையை நிறுவினார். இன்று மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கு சபை என்று நாம் அறிவது அதுவே.

இதன் அருமை இன்றைய தலைமுறைக்கு விளங்காது. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோவிலில் ஆடும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிய காலம். அந்நிய நாட்டவர் ஒருவர் எத்தனை பள்ளி திறந்தாலும், எந்தத் தாய் தன் மகளை நம்பி அனுப்புவாள்? கற்பிப்பவள் நம் மொழி பேசும் நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் அனுப்புவாள். இதை உணர்ந்ததே அடிகளாரின் மதிநுட்பம். அவர் 1874-ல் கண் மூடினார். 42 ஆண்டுகள் தமிழ் மண்ணில் கழித்தவர், தமக்குப் பின் தம்மை நாடாமல் நடக்கும் ஓர் ஏற்பாட்டை விட்டுச் சென்றார்.

நம் மணல் தந்த பாடம்

கற்பிக்க வந்தவர் கற்றுப் போனதும் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்பவர் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்தினார். அங்கே ஆசிரியர் போதவில்லை. ஒருநாள் உள்நாட்டுப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் கொண்டுவர ஆசிரியர்கள் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கம்தானே! பெல் 1797-ல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்து எங்கும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர்.

நாம் அறிய வேண்டியது

இந்த வரலாறு பழங்கதை அன்று. 1962-ல் பெல்ஜியத்திலிருந்து புதுவைக்கு வந்த மத்லேன் தெ பிளிக் அம்மையார் தொடங்கிய பணி, 'வொலோந்தாரியா' என்னும் தொண்டு நிறுவனமாக வளர்ந்தது. தொண்டுக்குத் தாமே முன்வருதல் என்பதே அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். இன்றும் வெளிநாட்டு இளைஞர்கள் விடுமுறையில் சில வாரங்கள் நம் நாட்டுக் கிராமங்களில் பாடம் சொல்லித்தர வருகிறார்கள். அவர்களை மனமார வரவேற்போம். ஆனால் சில வாரத்தில் ஒரு பிள்ளைக்கு இங்கிலீஷ் பாட்டு ஒன்று வரலாம். எழுத்துக்கூட்டி வாசிக்க வருமா? பிள்ளை ஓர் ஆசிரியரிடம் பழகி ஒட்டிக்கொள்ளும் வேளையில் அவர் விமானம் ஏறிவிட்டால், இழப்பு யாருக்கு?

மேலே கண்ட ஆசான்களை ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். முதலில் அவர்கள் மொழியைக் கற்றார்கள் அல்லது மக்களின் வழக்கத்தைக் கூர்ந்து கண்டார்கள். பிறகு கற்பிக்கும் பொறுப்பை உள்ளூராரின் கையில் ஒப்படைத்தார்கள். எவ்வளவு தூரம் கடந்து வந்தார் என்பது ஓர் ஆசிரியரின் பெருமைக்கு அளவுகோல் ஆகாது. அவர் போனபின் ஊரில் யார் கற்பிக்கிறார் என்பதே அளவுகோல்.

அப்படியானால் நம் கடமை தெளிவு. நம் ஊரில் கல்லூரி வரை சென்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், கடற்கரைத் தெருவில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து அவர்கள் பாடம் சொல்லித்தரலாம். கடல் கடக்க வேண்டியதில்லை. பாதங்களை முத்தமிட்டு வழியனுப்ப ஆளும் வேண்டியதில்லை. தெருவைக் கடந்தால் போதும். அன்று அந்நியர் வந்து ஏற்றிய விளக்கில் எண்ணெய் வார்க்கும் முறை இப்போது நம்முடையது. ஜூபிலி ஆண்டில் நாம் செய்யும் காணிக்கை இதுவாக இருக்கட்டும்.