கருவும் மாதிரியும்: கரிசல் நாட்டு நோக்கில் வார்ப்புத்தொழிற் சொற்கள்

உலோகம் உருகுமுன் அது பெறவேண்டிய வடிவம் வேறொரு பொருளில் அமைந்திருத்தல் வேண்டும். மெழுகு, மரம், மண், உலோகம் என அப்பொருள் காலத்திற்கும் தொழிலுக்கும் ஏற்ப வேறுபடும். அவ்வுருவைச் சுற்றி மண் பொதிந்து, பின் உருவை அகற்றிவிட்டால் எஞ்சும் வெற்றிடமே அச்சு எனப்படும். உருவும் அச்சும் ஒன்றற்கொன்று மறுதலையானவை. முன்னதன் மேடு பின்னதன் பள்ளம். எனினும் இக்காலத் தமிழ்நூல்கள் பலவற்றுள் இரண்டும் 'அச்சு' என்றே வழங்கப்பெறுகின்றன. படிமக்கலை பற்றி எழுதுவோர் 'மெழுகு அச்சு' என்று எழுத, படிப்போர் ஓர் அச்சிலிருந்து பல திருமேனிகள் வார்க்கப்பெற்றன என்று கருதுகின்றனர். இது சொற்பிழையளவில் நில்லாது வரலாற்றுப் பிழையாகவும் முடிகின்றது. ஆதலின் இதனை ஈண்டு ஆராய்வோம்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமை மானாவாரிப் பருத்திக்கும் கம்புக்கும் பெயர்பெற்றது, வார்ப்புக்கலைக்கு அன்று. ஆயினும் அச்சீமைக்குத் தெற்கே, இன்று அதே தூத்துக்குடி மாவட்டத்துள் அடங்கும் பொருநைக் கரையில், ஆதிச்சநல்லூர் உள்ளது. 1876இல் செருமானியரான ஜாகோர் அங்கு அகழ்ந்தார். (மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டே என்பது ஓர் இயைபு.) பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபொழுது தாழிகளுடன் எண்ணிறந்த இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் வெளிப்பட்டன. கலமூடிகளின்மீது எருமை, புலி, சேவல் முதலியன அழகுற நிற்கின்றன. இவ்வுருவங்கள் மெழுகுக் கருவினால் வார்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. எல்லா வெண்கலமும் வார்ப்பு எனக் கொள்ளலாகாது. வெள்ளீயம் மிகுதியாகக் கலந்த மெல்லிய கிண்ணங்கள் சூடாக அடித்து நீட்டித் தோய்க்கப்பட்டவை. வார்த்தலும் அடித்தலும் ஒருங்கே கைவந்த கம்மியர் அங்கு வாழ்ந்தனர் என்க.

இத்தொழில் ஆற்றங்கரையில் தழைத்தமைக்கு மண்ணும் ஒரு காரணமாதல் வேண்டும் என நாம் கருதுகின்றோம். கரிசல் மண் நீர் கண்டால் உப்பும். உலர்ந்தால் சுருங்கிக் கால் நுழையுமளவு வெடிக்கும். அதனை மட்டும் மெழுகின்மேற் பூசினால் காயும்பொழுதே பிளந்துவிடும். ஆற்று வண்டலோ மென்மையாய்ப் படிந்து, நுண்ணிய கோட்டையும் வாங்கிக்கொண்டு, சூட்டையும் தாங்கும். சுவாமிமலைத் தபதியர் காவிரி வண்டலைப் போற்றுவது இதனாலன்றோ? இதில் ஒரு விந்தையும் உண்டு. இன்றைய வார்ப்படச் சாலைகளில் மணலைப் பிணைத்து நிறுத்தச் சிறிதளவு சேர்க்கப்படும் பெண்டோனைட்டு என்னும் களிமண், கரிசலை வெடிக்கச் செய்யும் அதே கனிம இனத்தைச் சார்ந்தது. நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்களவில் நின்றால் துணை. அளவு மிகின் பகை.

ஆதிச்சநல்லூர்க் கம்மியர் தம் தொழிற்சொற்களை எழுதிவைத்திலர். ஆகவே சொற்சான்றுக்கு நாம் பிற்காலத்தையும் வடபுலத்தையும் நாடவேண்டியுள்ளது. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள் செப்புத் திருமேனிகளைக் குறிக்குமிடத்து உயரத்தை முழம், விரல் முதலிய அளவைகளால் கூறுவதோடு, 'கனம்' என்றும் 'பொள்ளல்' என்றும் வார்ப்பின் தன்மையையும் கூறுகின்றன. கனம் உள்ளீடு நிறைந்தது, பொள்ளல் உட்குடைவானது. இவ்வேறுபாடு கருவிலேயே தொடங்குகின்றது. கனத்திற்கு முழுதும் மெழுகு. பொள்ளலுக்கு மண்ணுருவின்மேல் மெழுகுப் போர்வை. கோயிற் கணக்கர்க்கும் இது தெரிந்திருந்தது.

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் இன்னும் நுணுகிச் செல்கின்றது. மெழுகை முதலில் நிறுத்து, செம்பும் பித்தளையும் அதன் எட்டு மடங்கு (பாட வேறுபாட்டின்படி பத்து மடங்கு), வெள்ளி பன்னிரு மடங்கு, பொன் பதினாறு மடங்கு கொள்க என்பது அந்நூல் விதி. மெழுகு நீரினும் சற்று இலேசானது. செம்பு நீரைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமுடையது. ஆதலின் இவ்விதி பட்டறையிற் பிறந்ததென்பது தெளிவு. தூய பொன் பத்தொன்பது மடங்குக்கு மேற்பட்ட கனமுடையது. பதினாறு என்றமையால் கலப்புற்ற பொன்னையே ஆசிரியர் எண்ணினார் போலும்.

இனிக் 'கரு' என்னும் சொல்லை நோக்குவோம். மெழுகுருவின்மேல் வண்டல் பூசி அடக்குதலைத் தபதியர் 'கருக்கட்டுதல்' என்பர். ஈண்டுக் கரு என்பது மெழுகோ, மண்கூடோ? மெழுகே என்று கொள்ளவே நாம் முதலில் விரும்பினோம். ஆனால் கரு என்பதற்கு வார்ப்பச்சு என்னும் பொருளும் அகராதிகளில் உண்டு. அதனைத் தள்ளிவிட இயலாது. தொழிலை அடியொற்றிப் பார்த்தால் இம்முரண் நீங்குகின்றது. குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிப் பிசைந்த மெழுகை, ஓலையை மடித்தெடுத்த தாள அளவின்படி உருவாக்கி, மண் பூசி, உலர்த்திச் சூடேற்றினால், மெழுகு உருகி வழிந்துவிடும். அவ்விடத்தில் உலோகம் புகுந்து ஆறியபின் மண்கூடும் உடைக்கப்படும். உள்ளிருந்ததும் அழிந்தது, சூழ்ந்திருந்ததும் அழிந்தது. இரண்டையும் தனித்தனியே மீண்டும் கையிலெடுக்கும் தேவையே எழாமையின், இரண்டிற்கும் சேர்த்து ஒரு சொல் போதுமாயிற்று. முறையால் ஒத்த இரு நடராசத் திருமேனிகள் மயிரிழையும் பிசகாது ஒன்றாயிருத்தல் இம்முறையில் இயலாது. அவ்வாறு இரண்டு காணப்படின், ஒன்று மற்றொன்றிலிருந்து படியெடுக்கப்பட்டதோ என ஐயுறுதல் வேண்டும்.

மணல் வார்ப்பில் நிலை வேறு. மண் உடையும், உரு மீளும். நாச்சியார்கோயிற் குத்துவிளக்கு அடி, தண்டு, அகல், முடி எனப் பகுதி பகுதியாக வார்க்கப்பெற்றுத் திருகி இணைக்கப்படுவது, உருவை மணலினின்று சிதைவின்றி வாங்குவதற்கும் எளிதாம். மீளும் இவ்வுருவிற்கே தனிச்சொல் வேண்டியதாயிற்று. பாடநூலார் 'மாதிரி' என்றும் 'தோரணி' என்றும் எழுதுவர். பட்டறையில் 'பேட்டன்' என்பர்.

கரிசற் சீமைக்கு இம்மாதிரி இரும்பின் வாயிலாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பாலையும், 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கியபின் சிறிது சிறிதாக மின் இறைப்பானும் வந்தன. கமலையின் சாலும் கூனையும் தோலாலும் தகட்டாலும் ஆயவை. இறைப்பானின் வயிறோ வார்ப்பிரும்பு. சங்குபோற் சுழன்ற அவ்வறையை ஒரே கட்டையிற் செய்த மாதிரியால் வார்த்தல் அரிது. ஆதலின் மரமாதிரியை இரு பாதியாகப் பிளந்து, முளையால் பொருத்தி, ஒரு பாதியை மேற்பெட்டியிலும் மறுபாதியைக் கீழ்ப்பெட்டியிலும் பதிப்பர். உட்குடைவிற்கு வேறாக மணலுருண்டை செய்து வைப்பர். அது தங்குவதற்கென மாதிரியில் சில புடைப்புக்கள் இருக்கும். வார்ப்பில் அப்புடைப்புக்கள் இரா. இராசராசன் காலத்துப் பொள்ளலின் உள்மண்ணே இங்குத் தனியுறுப்பாகப் பிரிந்து நிற்கின்றது.

மணிக்கும் அண்டாவிற்கும் முழு மாதிரி வேண்டா; பக்கவடிவில் வெட்டிய பலகையை நடுத்தண்டிற் சுழற்றினால் மண்ணே வடிவுறும். பெருங்குழாய்க்கு எலும்புக்கூடு போன்ற சட்டம் போதும். ஏனைய வகைகள் விரைவு கருதி எழுந்தவை. இவ்வாராய்ச்சிக்கு வேண்டுவன அல்ல.

ஆனால் உடைந்த பல்சக்கரத்தையே மாதிரியாகக் கொள்ளும் வழக்கத்தைக் குறிப்பிடாமற் செல்லலாகாது. சிறு பட்டறைகளில் இஃது உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்பொழுது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். பித்தளை 15க்கு மேல். அரை மீட்டர் விட்டமுள்ள பழைய சக்கரத்தைப் பதித்து வார்த்தால் புதியது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறையும். இணைச்சக்கரத்தின் பல்லோடு பொருந்தாது. மரமாதிரி செய்வோன் இச்சுருக்கத்தைக் கூட்டிப் பொறித்த தனி அளவுகோல் வைத்திருப்பான். மணலினின்று எளிதில் எழும்படி பக்கங்களைச் சிறிது சரித்துச் செதுக்குவான். மாதிரி, பொருளைவிடச் சற்றுப் பெரிது. வடிவிலும் அதனின் வேறு. இதனை 'அச்சு' எனச் சொன்னால் இவ்வேறுபாடுகள் யாவும் மறைந்துபோகின்றன. அழிவதனைக் கரு என்றும், மீள்வதனை மாதிரி என்றும், உலோகம் புகும் வெற்றிடத்தை அச்சு என்றும் வழங்குக. பொறியியற் கலைச்சொல் ஆக்குவோரும் படிமங்களைப் பட்டியலிடுவோரும் இம்மூன்றையும் பிரித்தாளல் வேண்டும் என்பது நம் துணிபு.