மலையோடைகளும் தூண்டிற் கோலும்
(சப்பிரகமுவ மலைச்சாரலின் வரலாற்றில் ஓர் ஏடு)

ஆற்றின் வரலாறு அதன் கரையில் அரசாண்டவரின் வரலாறு மட்டுமன்று. அதன் நீரில் வாழ்ந்தனவும் கொண்டுவந்து விடப்பட்டனவும் ஆகிய உயிர்களின் வரலாறுமாகும். இவ்வுண்மைக்கு இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிஹுல் ஓயா தக்கதொரு சான்றாகும்.

ஹோர்ட்டன் சமவெளியிலே தோன்றும் இவ்வோடை, பேக்கர் அருவியாய் வீழ்ந்து, தேயிலைத் தோட்டங்கள் செறிந்த சாரலில் இறங்கி, வளவை கங்கையுடன் கலக்கின்றது. சமவெளியின் தென்விளிம்பிலுள்ள 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறையில் நின்று நோக்குவோர், மிக ஆழத்தே நொன்பரேல் தோட்டத்தைக் காண்பர். 1834ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையதிகாரிகள் இருவர் இச்சமவெளியை அடைந்து, அந்நாளைய தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயரை அதற்கு இட்டனர். கோப்பிப் பயிருக்காக மலைக்காடுகள் வீழ்த்தப்பட்ட அக்காலப் பகுதியில், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு 1873இல் தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கர் அறிவுறுத்தினார். ஆறுகளின் ஊற்றுக்கண்கள் வற்றாது பிழைத்தமைக்கு இவ்வறிவுரையும் ஒரு காரணமெனலாம்.

தமிழ்த் தொழிலாளர் கொழுந்து கொய்த மலைகளில், துரைமார் தம் தாயகத்துப் பொழுதுபோக்கை நாடினர். 1882இல் ஐரோப்பியப் பழுப்பு டிரவுட் மீன் நுவரெலியாப் பகுதிக்குக் கொணரப்பட்டது. பின்னர் வந்த வட அமெரிக்க வானவில் டிரவுட்டே மலையோடைகளில் நிலைபெற்று இனம் பெருக்கிற்று. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றிற்று. இக்கழகத்தார் போற்றிய முறையில் மண்புழுவுக்கு இடமில்லை. இறகும் நூலும் கொண்டு புனைந்த செயற்கை ஈயை நீரின்மீது மெல்ல வீசி, பூச்சியென மயங்கிவரும் மீனைக் கவர்வதே அம்முறை.

ஓடையின் குளிர்ச்சியும் தெளிவும் கெட்டால் டிரவுட் வாழாது. ஆதலின் மீனை விரும்பியோர் நீரையும், நீரைத் தரும் காட்டையும் விரும்ப வேண்டியவராயினர். இஃது அவ்விளையாட்டினால் விளைந்த நன்மை. ஆனால் மறுபக்கமும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் குளிரோடைகளிலன்றி உலகில் வேறெங்கும் வாழாத சிறு நன்னீர் இறாலொன்று உளது. வந்தேறிய டிரவுட்டுக்கு அஃது இரையாகின்றது. சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்ட பின்னரும், நீருள் நிகழ்ந்த இம்மாற்றம் நீங்கவில்லை.

இத்தகைய முரண்பாடு ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. கன்னடநாட்டுக் காவிரியிலும் தூண்டில் விளையாட்டினர் சிலர், பிடித்த மீனை மீள நீரில் விடுவதும் வேட்டு வைத்து மீன் கொல்வோரைத் தடுப்பதுமாகிய நற்பணியை மேற்கொண்டனர். எனினும் பிறவிடத்துப் பொரிப்பகத்தில் வளர்த்த மகசீர் இனம் அவ்வாற்றில் விடப்பட்டுப் பெருக, காவிரிக்கே உரிய திமில்மகசீர் அருகிற்று. 2018இல் அது மிக அழிநிலையிலுள்ள இனமென அறிவிக்கப்பட்டது.

மீண்டும் சப்பிரகமுவவுக்கு வருவோம். கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடைக்கு அருகே, ஒரு சிற்றோடையில் பந்துலக் கெண்டை என்னும் குறுமீன் வாழ்கின்றது. அறிவியலாளர் அதனைப் பெயரிட்டு விவரித்தது 1991இலேயே. விரலளவு நீளமுமில்லாத அம்மீனைத் தேடித் தூண்டிலுடன் எவரும் செல்லார். ஆயினும் அவ்வோடை நஞ்சுறின், ஓரினமே உலகினின்று மறையும்.

எனவே, காப்போம் என்று கூறுமுன், எதனைக் காக்கின்றோம், எவருக்காகக் காக்கின்றோம் என வினாவுதல் வேண்டும். வேட்கைக்குரிய ஓருயிரைப் பேணுவது ஒருவகைக் காவல். வேண்டுவார் எவருமில்லாத உயிரையும் பேணுவதே முழுமையான காவலாகும். இன்று மலைநாட்டுக்குச் சுற்றுலாவினரை வழிநடத்திச் செல்வோரும், நாளை அப்பணியை ஏற்கவிருக்கும் நம் மாணவரும் இவ்வேறுபாட்டை உணர்வாராயின், துரைமார் விட்டுச் சென்ற விளையாட்டு நம் ஓடைகளுக்கு அரணாதல் கூடும்.