பத்திரத்தின் நான்கெல்லையும் வீட்டின் வரலாறும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாவட்ட ஆட்சியர்கள் நெடுங்காலம் குடியிருந்த தோட்ட வீட்டை ராபர்ட் கிளைவோடு சேர்த்துப் பேசுவதே வழக்கம். ஆனால் கிளைவ் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையின் துணை ஆளுநராகப் பொறுப்பேற்றது 1756 ஜூனில்தான். ஆகஸ்டிலேயே சென்னைக்கு அழைக்கப்பட்டு, அக்டோபரில் வங்காளத்துக்குக் கப்பலேறிவிட்டார். பதவியில் இருந்து இங்கே வாழ்ந்தது இரண்டு மாத அளவே. அதற்குப் பத்தாண்டு முன்பு, சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தவரும் அவரே. அப்போது அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடைநிலை எழுத்தர். அன்று ஆளுநரின் தோட்ட மாளிகையாக இருந்த இந்த வீட்டில் குடியிருக்கத்தக்க நிலையில் இல்லை.

அந்த வளாகத்துக்கு அவரைவிட அழுத்தமான சாட்சிகள் உண்டு. 1746 டிசம்பரில் பெண்ணையாற்றைக் கடந்து வந்த பிரெஞ்சுப் படை இந்தத் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலுக்கும் ஓய்வுக்கும் அமர்ந்தது. ஆற்காட்டு நவாபின் படை வருவதறிந்து கலைந்து ஓடியது. 1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடக நாடு கம்பெனி ஆட்சிக்குள் வந்து தென்னார்க்காடு மாவட்டமான பின், அடுத்தடுத்து வந்த ஆட்சியர்களும், அவர்களுக்குச் சமைத்தவர்களும், பங்கா இழுத்தவர்களும், தோட்டம் காத்தவர்களும் இங்கே வாழ்ந்தனர். அவர்கள் அத்தனை பேரையும் ஒரு புகழ்பெற்ற பெயர் மறைத்துவிட்டது. வீட்டின் வரலாற்றை அதில் குடியிருந்த அனைவரையும் கொண்டே எழுத வேண்டும் என்பதும், அதற்கான சான்றுகள் மாளிகைகளைவிடச் சிற்றூர்த் தெருவீடுகளுக்கே சில வகையில் செழிப்பாகக் கிடைக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதே தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஸ்ரீமுஷ்ணத்தை எடுத்துக்கொள்வோம். பூவராகர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என நீளும் பழைய வீடுகளில் ஒன்றின் வரலாற்றை எழுத முனைகிறவர் முதலில் வருவாய்த்துறைக் கணக்கைத்தான் தேடுவார். அங்கே ஏமாற்றமே மிஞ்சும். நன்செய், புன்செய் நிலங்களுக்குத் தீர்வை உண்டு. ஆகவே பட்டாதாரர் பெயரும் உண்டு. குடியிருப்பு மனைகள் பெரும்பாலும் கிராம நத்தம். தீர்வை இல்லாத இடத்தில் யார் இருந்தால் சர்க்காருக்கு என்ன? பல ஊர்களில் நத்தம் நில அளவை நடந்து மனைக்கு மனை பெயர் ஏறியது கடந்த நூற்றாண்டின் இறுதியில்தான். ஊர்க்கணக்கை மனப்பாடமாக வைத்திருந்த கர்ணம் பதவியும் 1980இல் ஒழிக்கப்பட்டது. கர்ணங்களின் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த ஏடுகள் பல இடங்களில் கரையானுக்குப் போயின.

எனவே பத்திரப் பதிவு அலுவலகமே முதன்மைக் களம். அசையாச் சொத்து ஆவணங்கள் 1ஆம் புத்தகத்திலும் உயில்கள் 3ஆம் புத்தகத்திலும் நகலெடுத்து வைக்கப்படுகின்றன. 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள மனையைப் பதிவில்லாமலே விற்கலாம். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் செல்லும். அதனால் ஒரு வீட்டுக்கு ஐம்பது ஆண்டுகள் எந்தப் பத்திரமும் இல்லாமல் போவது இயல்பு.

இந்த இடைவெளியை நிரப்புவது பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரம். ‘இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு, கொல்லைச் சந்துக்குத் தெற்கு, இதன் மத்தியில்’ என்று நான்கெல்லை எழுதாமல் எந்தக் கிரயமும் முடிவதில்லை. நாம் தேடும் வீட்டுக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும், இடப்பக்க வீடும் வலப்பக்க வீடும் கைமாறியபோதெல்லாம் நம் வீட்டுக்காரர் பெயர் எல்லையாக எழுதப்பட்டிருக்கும். அக்கம்பக்கத்துப் பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால் மௌனமாக இருந்த வீடு பேசத் தொடங்கும். ஓர் எச்சரிக்கை தேவை: பத்திர எழுத்தர்கள் முந்தைய ஆவணத்தைப் பார்த்தே எல்லையை எழுதுவார்கள். இறந்து இருபதாண்டு ஆனவரும் எல்லையில் உயிரோடிருப்பார். இரண்டு பக்கத்துப் பத்திரங்களும் ஒத்துப்போனால் மட்டுமே நம்ப வேண்டும்.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்தைய பாகப்பிரிவினைகளில், தாய்க்கோ விதவை அண்ணிக்கோ ஓர் அறையில் ஆயுள்வரை வசிக்கும் பாத்தியமும் ஜீவனாம்சமும் என்ற ஒற்றை வரியாகவே பெரும்பாலும் அவர்கள் தென்படுவர். அந்த வரியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வீட்டின் எந்த மூலையில் யார் காலம் கழித்தார் என்பதைச் சொல்லும் ஆவணம் அது ஒன்றுதான். 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்த பிறகு நிலைமை மாறியது. அதன்பின் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரங்களில் மணமாகிச் சென்ற பெண்களின் பெயரும் புகுந்த ஊரும் வரிசையாக வருகின்றன.

வாடகைக்கு இருந்தவர்களோ பதிவு அலுவலகப் புத்தகங்களில் ஏறுவதே அரிது. ஓராண்டுக்கு மிகாத வாடகைக்குப் பதிவு நெடுங்காலம் கட்டாயமாக இருக்கவில்லை. இங்கே வாக்காளர் பட்டியல் கைகொடுக்கும். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்த முதல் பொதுத்தேர்தல் தொடங்கி, கதவிலக்கத்தோடு ஆணும் பெண்ணும் சொந்தக்காரரும் குடிக்கூலிக்காரரும் சமமாகப் பதிவானது அதில்தான். பேரூராட்சியின் வீட்டுவரிப் பதிவேடு உரிமையாளரைக் காட்டும். வாக்காளர் பட்டியல் குடியிருந்தவரைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காத வீட்டு வரலாறு பாதி வரலாறே.

கட்டடமும் ஒரு சான்று. கூரையில் ஓர் ஓட்டைக் கழற்றித் திருப்பினால் அடியில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே அதன் முத்திரை உள்ள கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் நாட்டு ஓட்டை இறக்கிச் சீமை ஓடு வேய்ந்த வீடுகள் ஏராளம். கூரையின் வயதை வைத்துச் சுவரின் வயதைச் சொல்லிவிடக் கூடாது. மஞ்சக்குப்பத்துத் தோட்ட வீட்டுக்கும் இது பொருந்தும். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்தார். 1783இல் கடலூரைச் சுற்றி மீண்டும் போர் நடந்தது. இத்தனைக்கும் நடுவே நின்ற ஒரு கட்டடத்தில் எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று செங்கலையும் சுண்ணாம்பையும் ஆராயாமல், ஒரு பெயர்ப்பலகையை நம்பி எழுதுவது ஆய்வாகாது.

ஸ்ரீமுஷ்ணத்திலும் சுற்றூர்களிலும் பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலப்பத்திரங்களை வங்கியிலோ வக்கீலிடமோ கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். சொத்து விவரம் எழுதிய கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். முத்திரை உள்ள ஓடு ஒன்றை எடுத்து வையுங்கள். அந்த வீட்டில் குடியிருந்தவர்களின் பெயர்களை, வாடகைக்காரர் உட்பட, மூத்தவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.